ஹார்ட் டிஸ்கில் இருக்கும் விண்டோஸை அப்படியே என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு மாற்றுவது எப்படி?

#1 மின்மினி87

வணக்கம் நண்பர்களே. லேப்டாப் எட்டாம் தலைமுறை இன்டெல் ஐ5, 8 ஜிபி ரேம். உள்ளே 1 டிபி ஹார்ட் டிஸ்க், 5400 ஆர்பிஎம், விண்டோஸ் 10. எம்.2 ஸ்லாட் ஒன்று காலியாக இருக்கிறது. அதற்கு 500 ஜிபி என்விஎம்இ எஸ்எஸ்டி வாங்கியாச்சு. சி டிரைவ் 200 ஜிபி, அதில் 140 நிரம்பியிருக்கிறது. டி, இ இரண்டிலும் சேர்த்து 500 ஜிபிக்கு மேல் டேட்டா. விண்டோஸை மட்டும் எஸ்எஸ்டிக்குக் கொண்டுபோய்விட்டு, பழைய டிஸ்கை டேட்டாவுக்கு வைத்துக்கொள்ள வேண்டும். டாலி (கணக்கு மென்பொருள்), பிரிண்டர், ஸ்கேனர் என்று நிறைய இருப்பதால் புதிதாக இன்ஸ்டால் செய்ய விருப்பமில்லை. டிஸ்க் மேனேஜ்மென்டில் பார்த்தால் எம்பிஆர் என்று காட்டுகிறது. டி, இ இரண்டும் பச்சைக் கட்டத்துக்குள் இருக்கின்றன. இது பிரச்சினையா?

#2 செப்புக்கம்பி

பச்சைக் கட்டத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். அதற்கு முன்னால் ஸ்லாட்டைப் பாருங்கள். எம்.2 என்பது வடிவத்தின் பெயர்தான். அந்தக் காலத்து லேப்டாப்களில் சிலவற்றின் எம்.2 ஸ்லாட் சாட்டா என்ற பழைய, மெதுவான இணைப்பில் ஓடும் எஸ்எஸ்டியை மட்டும் ஏற்கும். என்விஎம்இ போட்டால் பயாஸில் பெயரே வராது. சேவைக் கையேட்டில் அந்த ஸ்லாட்டுக்கு எதிரே 'பிசிஐஇ' (என்விஎம்இ ஓடும் இணைப்பு) என்று இருக்க வேண்டும். எஸ்எஸ்டியின் தங்கக் காலில் ஒரே ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ, இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. கால் பொருந்துகிறது என்பதை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள்.

நீளத்தையும் பாருங்கள். 2280 என்றால் 22 மிமீ அகலம், 80 மிமீ நீளம். 2242 அளவுக்கு மட்டும் திருகுமேடை வைத்த போர்டுகள் உண்டு. திருகு பெரும்பாலும் எம்2, 3 மிமீ. லேப்டாப்போடு வராது, எஸ்எஸ்டி பெட்டியிலும் பல சமயம் இருக்காது. தனியாக வாங்கி வையுங்கள்.

பொருத்தும்போது முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். எஸ்எஸ்டியைச் சுமார் 30 பாகை சாய்த்துச் செருகி, தங்கக் கால் முழுதாக உள்ளே போனபின் படுக்க வைத்துத் திருகுங்கள். ஹீட்சிங்க் இருந்தால் அதன் பேடில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறக்கக்கூடாது. உரிக்காமல் போட்டுவிட்டு 'சூடாகிறது, வேகம் விழுகிறது' என்று வரும் புகார்கள் கொஞ்சமல்ல.

#3 தாழ்வாரம்

எதற்கு இவ்வளவு பாடு? யூஎஸ்பியில் விண்டோஸ் 11 போட்டு எஸ்எஸ்டியில் புதிதாக நிறுவினால் முக்கால் மணி நேர வேலை. டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு கட்டப்பட்டது, டிஸ்க் மாறினால் போகாது. ஆறேழு வருடக் குப்பையைச் சுமந்துகொண்டு புது எஸ்எஸ்டிக்குப் போக வேண்டுமா?

#4 ஊசிமுனை

தாழ்வாரம் சொல்வது வீட்டுக் கம்ப்யூட்டருக்குச் சரி. அலுவலகக் கணக்கு ஓடும் இயந்திரத்தில் விண்டோஸ் ஏற முக்கால் மணி, மற்றதெல்லாம் பழையபடி வர ஒரு வாரம். குளோன், அதாவது டிஸ்கில் இருப்பதை அப்படியே நகலெடுப்பதுதான் இங்கே பொருத்தம். ஆனால் டாலியில் முதலில் லைசென்ஸைச் சரண்டர் செய்துவிடுங்கள், மாற்றம் முடிந்ததும் மறுபடி ஆக்டிவேட் செய்யலாம். டிஸ்க் அடையாளத்தைப் பார்க்கும் எந்த மென்பொருளுக்கும் இதே முறைதான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நகல் எடுப்பது எளிது. நகல் எடுத்தது பூட் ஆக வேண்டும், சிக்கல் முழுக்க அங்கேதான். என்விஎம்இயிலிருந்து பூட் ஆக யூஇஎஃப்ஐ (பயாஸின் புதிய முறை) வேண்டும். யூஇஎஃப்ஐயில் விண்டோஸ் பூட் ஆக டிஸ்க் ஜிபிடி ஆக இருக்க வேண்டும் (எம்பிஆர், ஜிபிடி இரண்டும் டிஸ்கின் பார்ட்டிஷன் கணக்கை எழுதும் முறைகள்; எம்பிஆர் பழையது). உங்கள் டிஸ்க் எம்பிஆர், பூட் லெகசி என்ற பழைய முறை. அப்படியே குளோன் செய்தால் 100 சதவீதம் முடிந்தது என்று மென்பொருள் சொல்லும், மறுபடி ஆன் செய்தால் 'பூட் டிவைஸ் இல்லை' என்று கறுப்புத் திரை நிற்கும்.

எம்பிஆரை டேட்டா அழியாமல் ஜிபிடியாக்க மைக்ரோசாஃப்டே ஒரு கருவி தருகிறது: எம்பிஆர்2ஜிபிடி. விண்டோஸ் 10 இன் 1703 பதிப்பிலிருந்து உள்ளேயே இருக்கிறது. அதற்கு இரண்டு நிபந்தனை: பிரைமரி பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இருக்கக்கூடாது, எக்ஸ்டெண்டட், லாஜிக்கல் பார்ட்டிஷன் இருக்கவே கூடாது. நீங்கள் சொன்ன பச்சைக் கட்டம்தான் எக்ஸ்டெண்டட், அதற்குள் இருக்கும் டி, இ லாஜிக்கல். கடைக்காரர் சி, டி, இ என்று பிரித்துக் கொடுக்கும் எம்பிஆர் டிஸ்குகளில் இது சகஜம். ஆகவே பழைய டிஸ்கை முதலில் ஜிபிடியாக்கிவிட்டுப் பிறகு குளோன் செய்யலாம் என்று இணையத்தில் சொல்லும் வழி உங்களுக்கு வேலை செய்யாது. வேலிடேட் கட்டத்திலேயே நின்றுவிடும்.

வரிசையை மாற்றினால் தீர்ந்தது. சிஸ்டம் ரிசர்வ்டு (பூட் கோப்புகள் இருக்கும் சின்னப் பார்ட்டிஷன்), சி இரண்டை மட்டும் எஸ்எஸ்டிக்குக் குளோன் செய்யுங்கள். அங்கே எக்ஸ்டெண்டட் கிடையாது, இரண்டே பிரைமரிதான். மாற்றத்தை எஸ்எஸ்டியில் வைத்துச் செய்யுங்கள். பழைய டிஸ்கில் ஒரு பைட்டும் மாறாது. எது சொதப்பினாலும் அதிலிருந்து பழையபடி லெகசியில் பூட் செய்துகொள்ளலாம்.

#5 மின்மினி87

கையேட்டில் பார்த்தேன், பிசிஐஇ 3.0 x4 என்று இருக்கிறது, 2280. படிப்படியாகச் சொல்ல முடியுமா அண்ணா?

#6 ஊசிமுனை

சொல்கிறேன். கட்டளைகளை உச்சரிப்பில் எழுதுகிறேன்; ஆங்கில எழுத்தில், இடைவெளியும் சாய்கோடும் மாறாமல் அடியுங்கள்.

முதலில் டிஸ்கின் நலம். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளைத் திறந்து 05, சி5 ஆகிய இரண்டு வரிகளின் ரா மதிப்பைப் பாருங்கள். 05 மாற்றி வைக்கப்பட்ட செக்டர், சி5 படிக்க முடியாமல் காத்திருக்கும் செக்டர். இரண்டும் பூஜ்யம் என்றால் 'செக்டிஸ்க் சி: /எஃப்' ஓட்டி ரீஸ்டார்ட் செய்யுங்கள். சி5 பூஜ்யம் இல்லை என்றால் செக்டிஸ்கைத் தொடாமல் இங்கே வந்து சொல்லுங்கள், அதற்கு வழி வேறு.

அடுத்து 'பவர்சிஎஃப்ஜி /ஹெச் ஆஃப்'. ஹைபர்னேஷன் கோப்பும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பும் சேர்ந்து போகும். 8 ஜிபி ரேமுக்கு மூன்று ஜிபிக்கு மேல் இடம் மிச்சம். 'மேனேஜ்-பிடிஇ -ஸ்டேட்டஸ்' அடித்து பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) இல்லை என்பதையும் உறுதி செய்யுங்கள்.

எஸ்எஸ்டியைப் பொருத்தி, பழைய டிஸ்கிலிருந்தே விண்டோஸைத் திறந்து, டிஸ்க் மேனேஜ்மென்டில் 465 ஜிபி என்று அது தெரிகிறதா பாருங்கள். 500க்கு 465 ஏன் என்று பயப்பட வேண்டாம்; கம்பெனி ஆயிரத்தால் எண்ணுகிறது, விண்டோஸ் 1024 ஆல். இந்தப் படியைத் தாண்டிவிடாதீர்கள். ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் என்விஎம்இயை ஒருமுறை கண்டுகொண்டால் அதன் டிரைவர் தயாராகிவிடும். அது நடக்காமல் குளோன் செய்து மாட்டுவோருக்குத்தான் 'இன்அக்ஸெஸிபிள் பூட் டிவைஸ்' நீலத்திரை வருகிறது. இனிஷியலைஸ் செய்யச் சொல்லிக் கேட்டால் ரத்து செய்துவிடுங்கள், குளோன் மென்பொருள் பார்த்துக்கொள்ளும்.

குளோனுக்கு பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுக்க விடும் மென்பொருள் வேண்டும். எஸ்எஸ்டி கம்பெனி தரும் இலவச மென்பொருள் பலவும் முழு டிஸ்கையே எடுக்கப் பார்க்கும். உங்கள் டி, இ டேட்டா அதில் அடங்காது. மேக்ரியம் ரிஃப்ளெக்ட் இலவசப் பதிப்பு 2024 தொடக்கத்தோடு முடிந்தது, ஆனால் சோதனைப் பதிப்பே இந்த ஒரு வேலைக்குப் போதும். யூஎஸ்பியிலிருந்து ஓடும் ரெஸ்க்யூஸில்லாவும் பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுக்க விடும். டிரைவ் எழுத்து இல்லாத 500 எம்பி அளவுள்ள சிஸ்டம் ரிசர்வ்டு, பிறகு சி. இரண்டுக்கு மட்டும் டிக். சியை 450 ஜிபி போல விரித்து, கடைசியில் கொஞ்சம் காலியாக விடுங்கள். ஜிபிடி தன் மாற்றுப் பிரதியை டிஸ்கின் வால்பகுதியில்தான் எழுதும்.

140 ஜிபியை அந்த ஹார்ட் டிஸ்க் நொடிக்கு 80 முதல் 100 எம்பி வேகத்தில் கொடுத்தால் அரை மணி. சின்னக் கோப்புகள் நிறைய இருந்தால் ஒரு மணி வரை போகும். சார்ஜரில் போட்டு, ஸ்லீப்பை 'ஒருபோதும் இல்லை' என்று வையுங்கள்.

முடிந்ததும் ஷட் டவுன். ரீஸ்டார்ட் வேண்டாம். பேட்டரியைக் கழற்றி, பழைய ஹார்ட் டிஸ்கின் இணைப்பை எடுத்துவிடுங்கள். பயாஸில் லெகசி அல்லது சிஎஸ்எம் என்பதை யூஇஎஃப்ஐ ஆக்குங்கள். விண்டோஸ் இன்ஸ்டால் யூஎஸ்பியிலிருந்து பூட் செய்து, மொழி கேட்கும் திரையில் ஷிஃப்ட்டும் எஃப்10 உம் சேர்த்து அழுத்தினால் கறுப்புக் கட்டளைப் பெட்டி திறக்கும். அதில்:

'எம்பிஆர்2ஜிபிடி /வேலிடேட் /டிஸ்க்:0'

'எம்பிஆர்2ஜிபிடி /கன்வர்ட் /டிஸ்க்:0'

முதல் கட்டளை வெற்றி என்று சொன்னால் மட்டும் இரண்டாவது. 0 என்பது எஸ்எஸ்டிதானா என்று 'டிஸ்க்பார்ட்', 'லிஸ்ட் டிஸ்க்' அடித்து அளவை வைத்துப் பாருங்கள். யூஎஸ்பி சில சமயம் 0 ஆகிவிடும். கடைசியில் ரீஏஜென்ட் (விண்டோஸ் மீட்பு வசதியின் அமைப்பு) கோப்பைப் புதுப்பிக்க முடியவில்லை என்று ஒரு வரி வந்தால் பதற வேண்டாம். விண்டோஸ் திறந்தபின் அட்மின் கட்டளைப் பெட்டியில் 'ரீஏஜென்ட்சி /டிஸேபிள்', பிறகு 'ரீஏஜென்ட்சி /எனேபிள்' போட்டால் போதும்.

#7 செப்புக்கம்பி

கூடவே ஒன்று. வேலிடேட் தோற்றால் காரணம் திரையில் முழுதாக வராது. எக்ஸ் டிரைவில் (இன்ஸ்டால் யூஎஸ்பி சூழலின் தற்காலிக டிரைவ்) விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'செட்டப்ஆக்ட்' என்ற லாக் கோப்பில் இருக்கும். 'நோட்பேட்' என்று அடித்தாலே அந்தச் சூழலில் நோட்பேட் திறக்கும், அதிலிருந்து படித்துக்கொள்ளலாம்.

கன்வர்ட் ஆனபின்னும் பூட் ஆகவில்லை என்றால் அதே பெட்டியில்: 'டிஸ்க்பார்ட்', 'லிஸ்ட் வால்யூம்'. ஃபேட்32 என்று 100 எம்பி அளவில் ஒன்று தெரியும், அதுதான் இஎஃப்ஐ பார்ட்டிஷன். அதன் எண் 2 என்றால் 'செலக்ட் வால்யூம் 2', 'அசைன் லெட்டர்=எஸ்', 'எக்ஸிட்'. பிறகு 'பிசிடிபூட் சி:\விண்டோஸ் /எஸ் எஸ்: /எஃப் யூஇஎஃப்ஐ'. இந்தச் சூழலில் உங்கள் விண்டோஸ் சி என்றில்லாமல் டி என்றும் வரலாம். 'டிஐஆர் சி:\' அடித்து யூசர்ஸ், விண்டோஸ் ஃபோல்டர்கள் எங்கே இருக்கின்றன என்று பார்த்துவிட்டு எழுத்தைப் போடுங்கள்.

#8 கரிசல்காட்டான்

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என் லேப்டாப்பில் எம்.2 ஸ்லாட் ஒன்றுதான். அதில் இப்போது 256 ஜிபி என்விஎம்இ, விண்டோஸ் 11 ஹோம். 1 டிபிக்குப் போக வேண்டும். பிட்லாக்கர் நான் போட்டதில்லை, ஆனால் சி டிரைவில் பூட்டுப் படம் தெரிகிறது.

#9 ஊசிமுனை

நீங்கள் போடாவிட்டாலும் 'டிவைஸ் என்க்ரிப்ஷன்' தானாக ஏறியிருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்நுழைந்தால் ஹோம் பதிப்பிலும் நடக்கும். எதையும் தொடுவதற்கு முன்னால் கணக்கின் இணையப் பக்கத்தில் 48 இலக்க ரெக்கவரி கீயை எடுத்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அந்தக் கீயை அதே லேப்டாப்பில் சேமித்து வைத்து என்ன பயன்?

ஸ்லாட் ஒன்றுதான் என்பதால், புது எஸ்எஸ்டியை யூஎஸ்பியில் இணைக்கும் வெளிப்பெட்டி, அதாவது எண்க்ளோஷர் வேண்டும். வாங்கும்போது 'என்விஎம்இ' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். சென்னை ரிச்சி தெருவில் எம்.2 எண்க்ளோஷர் என்று கேட்டால் சாட்டா மட்டும் எடுக்கும் மலிவானதையும் கையில் கொடுப்பார்கள், வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ரியல்டெக் ஆர்டிஎல்9210 அல்லது ஜேமைக்ரான் ஜேஎம்எஸ்583 சிப் உள்ளது நல்லது. அலுமினிய உடல், உள்ளே பேடு இருக்கட்டும். தொடர்ந்து எழுதும்போது கை வைக்க முடியாத அளவு சுடும், சூடு ஏறினால் இணைப்பு அறுந்து குளோன் பாதியில் நிற்கும். ஹப் வழியாகச் செருகாதீர்கள்.

விண்டோஸ் ஓடும்போதே அதற்குள்ளிருந்து குளோன் செய்தால், மென்பொருள் பூட்டு திறந்த நிலையில் சியைப் படிக்கும். புதியதில் சி பூட்டில்லாமல் இறங்கும். பூட் ஆனபின் என்க்ரிப்ஷனை மறுபடி ஆன் செய்துகொள்ளலாம். குளோன்ஸில்லா மாதிரி வெளியிலிருந்து பூட் செய்து எடுத்தால் அதற்குப் பூட்டிய குப்பைதான் தெரியும். எது கோப்பு, எது காலி என்று புரியாமல் 256 ஜிபியையும் செக்டர் செக்டராக நகலெடுக்கும், முதல்முறை ஆன் செய்யும்போது 48 இலக்கத்தைக் கேட்கவும் செய்யும். எந்த வழியானாலும் முன்னதாக 'மேனேஜ்-பிடிஇ -ப்ரொடெக்டர்ஸ் -டிஸேபிள் சி:' போட்டு நிறுத்தி வையுங்கள்.

#10 பெங்குயின்பிரியன்

சிறியதிலிருந்து பெரியதற்குப் போகும் எல்லாருக்கும் ஒரு எச்சரிக்கை. அப்படியே குளோன் செய்தால் புது டிஸ்கில் இஎஃப்ஐ, சி, அதற்குப் பக்கத்திலேயே ரெக்கவரி, அதற்கப்புறம் 700 ஜிபி காலி என்று நிற்கும். டிஸ்க் மேனேஜ்மென்டில் சிக்கு வலது கிளிக் செய்தால் 'எக்ஸ்டெண்ட்' மங்கிக் கிடக்கும். தன்னை ஒட்டி வலப்பக்கம் இருக்கும் காலி இடத்தைத்தான் அதனால் சேர்க்க முடியும், நடுவில் ரெக்கவரி குறுக்கே நிற்கிறது.

குளோன் செய்யும்போதே ரெக்கவரியைக் கடைசிக்கு இழுத்து, சியை விரித்துவிடுவது சுலபம். செய்துமுடித்தாகிவிட்டதா? 'ரீஏஜென்ட்சி /டிஸேபிள்' போடுங்கள். மீட்புப் படிமம் சி டிரைவுக்கு வந்துவிடும். ஜிபார்ட்டட் லைவ் யூஎஸ்பியில் பூட் செய்து ரெக்கவரியை டிஸ்கின் கடைசிக்கு நகர்த்தி, சியை நீட்டுங்கள். என்க்ரிப்ஷனை அதுவரை ஆன் செய்யக்கூடாது, பூட்டிய பார்ட்டிஷனை ஜிபார்ட்டட் நீட்டாது. விண்டோஸுக்குத் திரும்பி 'ரீஏஜென்ட்சி /எனேபிள்'. பிறகு 'ரீஏஜென்ட்சி /இன்ஃபோ' அடித்தால் 'எனேபிள்டு' என்று வர வேண்டும்.

#11 தாழ்வாரம்

சரி, குளோன் கட்சியே ஜெயிக்கட்டும். ஆனால் பதினொன்றாம் தலைமுறை இன்டெலும் அதற்கு மேலும் வைத்திருப்பவர்கள் புதிதாக நிறுவப்போனால் 'டிரைவ் எதுவும் இல்லை' என்று இன்ஸ்டாலர் சொல்லும். எஸ்எஸ்டி செத்துவிட்டது என்று திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். பயாஸில் விஎம்டி (என்விஎம்இ டிஸ்குகளைக் கையாளும் இன்டெலின் முறை) ஆன் ஆகியிருக்கும். லேப்டாப் கம்பெனியின் பக்கத்திலிருந்து இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை எடுத்து யூஎஸ்பியில் பிரித்துப் போட்டு, இன்ஸ்டாலரில் 'லோட் டிரைவர்' கொடுத்தால் டிஸ்க் தெரியும்.

#12 ஊசிமுனை

இதோடு சேர்த்து: ஏற்கெனவே விஎம்டியில் ஓடும் விண்டோஸை வைத்துக்கொண்டு பயாஸில் அதை ஆஃப் செய்தால் அடுத்த முறை ஆன் செய்ததுமே நீலத்திரை. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் 'எம்எஸ்கான்ஃபிக்' திறந்து பூட் தாவலில் சேஃப் மோடைத் தேர்ந்தெடுத்து, ரீஸ்டார்ட்டில் நேராக பயாஸுக்குள் போய் மாற்றுங்கள். சேஃப் மோடில் ஒருமுறை ஏறிவிட்டால் சரியான டிரைவர் உட்கார்ந்துவிடும். பிறகு அந்த டிக்கை எடுத்துவிடுங்கள். சேஃப் மோடில் பின் நம்பர் வேலை செய்யாமல் போகலாம், கணக்கின் பாஸ்வேர்டு நினைவில் இருக்கட்டும்.

#13 வரப்பு

என் பழைய டிஸ்கில் சி5 வரியில் ரா மதிப்பு 1எஃப் என்று இருக்கிறது. குளோன் 62 சதவீதத்தில் நிற்கிறது.

#14 பெங்குயின்பிரியன்

அது பதினாறடிமான எண், அதாவது 31 செக்டர். அந்த டிஸ்கை இனி விண்டோஸில் பூட் செய்யாதீர்கள், செக்டிஸ்க் ஓட்டாதீர்கள். முக்கியமான கோப்புகள் இருந்தால் குளோன் என்ற எண்ணத்தையே தள்ளி வையுங்கள்.

லினக்ஸ் லைவ் யூஎஸ்பியில் டிடிரெஸ்க்யூ (கெட்ட டிஸ்கிலிருந்து டேட்டாவை மீட்கும் கருவி) நிறுவி, அதே அளவோ பெரியதோ ஆன வேறொரு டிஸ்குக்குப் படிமம் எடுங்கள். முதல் சுற்று '-என்' சேர்த்து: கெட்ட இடங்களைத் தாண்டிக்கொண்டு நல்லதை எல்லாம் வாரிவிடும். இரண்டாவது சுற்று '-டி -ஆர்3': விட்ட இடங்களை மட்டும் மூன்று முறை முயலும். இரண்டு சுற்றுக்கும் ஒரே மேப் கோப்பைக் கொடுக்க வேண்டும், எதைப் படித்தோம் எதை விட்டோம் என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. மூலமும் இலக்கும் இடம் மாறினால் கதை முடிந்தது. 'எல்எஸ்பிஎல்கே -ஓ நேம்,சைஸ்,மாடல்' அடித்து மாடலையும் அளவையும் பார்த்தபிறகே என்டர். கிடைத்த படிமத்தின்மேல் செக்டிஸ்க் ஓட்டிக்கொள்ளலாம். விண்டோஸை அதிலிருந்து காப்பாற்ற முயல வேண்டாம்; அந்த 31 செக்டரில் எந்தச் சிஸ்டம் கோப்பு உடைந்தது என்று தேடுவதை விட, தாழ்வாரம் சொன்ன முக்கால் மணி வழியே மேல்.

#15 தாழ்வாரம்

ஒருவழியாக ஒரு ஓட்டு கிடைத்தது 😀

#16 மின்மினி87

முடிந்தது! வேலிடேட், கன்வர்ட் இரண்டும் முதல் தடவையிலேயே ஓடின. ரீஏஜென்ட் வரி வந்தது, சொன்னபடி சரிசெய்துவிட்டேன். வேறு என்ன பார்க்க வேண்டும்?

#17 செப்புக்கம்பி

மூன்று இடம்.

'எஃப்எஸ்யூட்டில் பிஹேவியர் க்வெரி டிஸேபிள்டெலீட்நோட்டிஃபை'. என்டிஎஃப்எஸ் வரியில் 0 வந்தால் டிரிம் (அழித்த இடங்களை எஸ்எஸ்டிக்குச் சொல்லும் வசதி) ஆன் என்று பொருள். தலைகீழாகத் தோன்றும், 0 தான் சரி.

'டிஃப்ராக் அண்டு ஆப்டிமைஸ்' திரையில் சிக்கு எதிரே 'சாலிட் ஸ்டேட் டிரைவ்' என்று இருக்க வேண்டும். இன்னும் ஹார்ட் டிஸ்க் என்று காட்டினால் 'வின்சாட் ஃபார்மல்' ஓட்டுங்கள். லேப்டாப் சார்ஜரில் இருந்தால்தான் அது ஓடும்.

'எம்எஸ்இன்ஃபோ32' திறந்து, டிஸ்குகள் பகுதியில் பார்ட்டிஷன் தொடங்கும் ஆஃப்செட்டை 4096 ஆல் வகுங்கள். மீதியில்லாமல் போக வேண்டும். விஸ்டாவுக்குப் பிந்தைய விண்டோஸில் உருவாக்கிய டிஸ்குகள் 1048576 இல் தொடங்கும், அதில் சிக்கல் இல்லை. எக்ஸ்பி காலத்து டிஸ்க் 32256 இல் தொடங்கும், அதை அப்படியே குளோன் செய்தால் எழுதும் ஒவ்வொரு சின்ன டேட்டாவும் எஸ்எஸ்டியின் இரண்டு பக்கத்தை (பேஜ்) மிதிக்கும்.

பிசிஐஇ 3.0 x4 ஸ்லாட் என்பதால் நொடிக்கு 3500 எம்பி பக்கம்தான் உச்சம். எஸ்எஸ்டி பெட்டியில் 7000 என்று போட்டிருந்தாலும் இங்கே வராது, அது கோளாறு அல்ல.

#18 மின்மினி87

மூன்றும் சரி. பழைய டிஸ்கை மறுபடி மாட்டினேன். அதன் பழைய சி இப்போது டி ஆகிவிட்டது, பழைய டி எஃப் ஆகிவிட்டது. டாலி டேட்டா டியில் இருக்கிறது என்று தேடுகிறது. அந்தப் பழைய சியை அழித்து டியோடு சேர்க்க முடியுமா?

#19 ஊசிமுனை

முதலில் எழுத்தை மாற்றுங்கள். டிஸ்க் மேனேஜ்மென்டில் இப்போது டி என்று காட்டும் பழைய சிக்கு இசட் கொடுங்கள், அப்போது டி விடுபடும். பிறகு எஃப் இல் இருப்பதற்கு டி. இந்த வரிசையில் போனால்தான் நடக்கும். ஒரே எழுத்தை இரண்டுக்குக் கொடுக்க விடாது. இ தன் இடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதன்பின் டாலியைத் திறந்து லைசென்ஸை ஆக்டிவேட் செய்யலாம்.

பழைய சியை இரண்டு வாரமாவது தொடாதீர்கள். பிரிண்டர், ஸ்கேனர், மாதக் கடைசிக் கணக்கு எல்லாம் ஒரு சுற்று எஸ்எஸ்டியில் ஓடட்டும். அதன்பின் அந்த 200 ஜிபியை டிலீட் செய்யலாம், ஆனால் டியோடு சேர்க்க முடியாது. காலியாகும் இடம் டிக்கு இடப்பக்கம் இருக்கிறது, டி எக்ஸ்டெண்டடுக்கு உள்ளே இருக்கிறது. அதே இடத்தில் புது வால்யூம் போட்டு, டாலியின் பேக்கப் பாதையை அங்கே திருப்பிவிடுங்கள். மூல டேட்டாவை எஸ்எஸ்டியின் சிக்கு மாற்றிவிட்டால் கணக்கும் பேக்கப்பும் வெவ்வேறு டிஸ்கில் நிற்கும்.